வராதவர் பேசிய பேச்சு

பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர் நான். வாரம் தவறாமல் எனக்கு பிரஸ் கிட் வருகிறது. பத்திரிகைக்காரர்களுக்காக நிறுவனங்கள் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு அது. துணிப்பைக்குள் ஓர் அறிக்கை, நிறுவனத்தின் வரலாறு, தலைவரின் சிரித்த முகம், அவர் சொன்னதாக நாங்கள் போட வேண்டிய வாசகங்கள். பெயர், பதவி சரிதானா என்று பார்க்க நானும் அதைப் புரட்டுவேன். என் சகாக்கள் பலர் அதைத் தவிர வேறெதையும் புரட்டுவதில்லை.

போன வருடம் லிங்கராஜபுரத்தில் ஓர் உணவு டெலிவரி நிறுவனம் தன் ஆட்களுக்கு ஓய்வறை திறந்தது. வாசலிலேயே பை கொடுத்தார்கள். தலைவர் பேசப்போவது முழுக்க அதில் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. ‘டெலிவரி நண்பர்களோடு உட்கார்ந்து டீ குடித்தபோது என் கண்கள் கலங்கின.’

தலைவர் வரவே இல்லை. மேலாளர் ஒருவர் ரிப்பனை வெட்டினார். நிருபர்கள் சமோசாவை முடித்துக்கொண்டு பையோடு கிளம்பினார்கள்.

பக்கத்து ஹோட்டலில் ஆர்டர் எடுக்க வந்த மர்பி டவுன் டெலிவரி ஊழியர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“பாத்ரூம் யூஸ் பண்ணலாமா சார்?”

“தண்ணி கனெக்‌ஷன் இன்னும் வரலப்பா. நெக்ஸ்ட் வீக் பாரு,” என்றார் மேலாளர்.

“அதானே பாத்தேன்,” என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். அன்று அந்த அறைக்கு வந்த ஒரே டெலிவரி நண்பர் அவர்தான்.

மறுநாள் நான்கு ஆங்கிலப் பத்திரிகைகளில் தலைவர் டீ குடித்தார், கண் கலங்கினார். அவர் வரவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்று நான் எழுதியிருந்தேன். காலையிலேயே அந்த நிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“மேடம், சார் வரலைன்னு போட்டிருக்கீங்களே?”

“வரலையேம்மா.”

“ஆனா கிட்ல வந்ததாத்தானே இருக்கு?”

அவள் விளையாடவில்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நான்கு நிருபர்களை நினைத்ததும் அருவருப்பாகவும் இருந்தது.

சில மாதம் கழித்து ஓர் ஆராய்ச்சி மாணவி பேசினாள். டெலிவரி ஊழியர்களின் நலத்திட்டங்கள் பற்றி ஆய்வு செய்கிறாளாம்.

“அந்த ஓய்வறை திறப்பு பத்தி நாலு பேப்பர்லயும் ஒரே மாதிரி வந்திருக்கு மேடம். உங்க பேப்பர்ல மட்டும் வேற மாதிரி. உங்களுக்கு சோர்ஸ் யாரு?”

“நான் அங்க இருந்தேன்.”

“ஓகே. ஆனா நாலு சோர்ஸ் கன்ஃபர்ம் பண்ணுதே?”

ஆபீசுக்கு வரச்சொல்லி, கிட்டை அவள் முன்னால் பிரித்து வைத்தேன். நான்கு செய்தியிலும் அதே வரிகள், அதே எழுத்துப் பிழை. அவள் முகம் சுண்டிப்போனது. நாலு சாட்சி இல்லை, நாலு நகல் என்று புரிந்துவிட்டது. திருந்திவிடுவாள் என்று நானும் நம்பினேன். ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கும்படி சொல்லி, முகவரியும் எழுதிக் கொடுத்தேன்.

தன் ஆய்வுக் கட்டுரை வெளியானதும் மரியாதையாக எனக்கு அனுப்பி வைத்தாள். அந்த நான்கு செய்திகளையும் நீக்கிவிட்டு, கிட்டையே ‘நிறுவனத்தின் மூல ஆவணம்’ என்று காட்டி, தலைவரின் டீயை அதிலிருந்தே எடுத்துப் போட்டிருந்தாள். அடிக்குறிப்பில் எனக்கும் இடம் இருந்தது: ‘ஓர் உள்ளூர் தமிழ் நாளிதழ் இதில் மாறுபட்ட கருத்து கொண்டுள்ளது.’

குழாயில் தண்ணீர் வராதது என் கருத்தாம்.

அங்கே போனாயா என்று கேட்டு எழுதினேன். அடுத்த கட்டுரை வேலையில் இருப்பதாகப் பதில் வந்தது.