செங்கல் குடித்த தண்ணீர்

பெரியப்பா எப்படிச் செத்தார் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், படகு கவிழ்ந்தது என்று மட்டும் சொல்லி வைத்தேன். இப்போது வளர்ந்துவிட்டீர்கள். முழுசாக எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஏரிக்குக் கிழக்குக் கரையில் பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே லாரி போனால் மணலில் புதைந்துவிடும். அதனால் ஆரம்பாக்கம் பக்கத்துச் சூளையிலிருந்து செங்கலை எங்கள் மீன்பிடிப் பாய்மரப் படகில் கொண்டுவரச் சொன்னார்கள். டீசல் வேண்டாம், காற்று போதும். முதல் நடை ஒழுங்காக வந்தால் கட்டடம் முடியும்வரை வேலை உங்களுக்குத்தான் என்றார் ஓவர்சியர். அந்த வருஷம் ஏரியில் இறால் இல்லை. அண்ணி முழுகாமல் இருந்தார். இந்த வேலை நிலைக்காவிட்டால் அண்ணன் அவரை விட்டுவிட்டு மெட்ராஸுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

"இனிமே உங்க அண்ணி மூக்கப் பொத்தாம பக்கத்துல உக்காருவா. செங்கல்லு நாறாதுடா" என்று சிரித்தபடி அண்ணன் கல்லை அடுக்கினார்.

"போதும்ணா. பலகை தண்ணிக்கு மேல ஒரு சாண்தான் தெரியுது."

"மீன் ஏத்தசொல்ல இதவிட கம்மியாவா வுட்டோம்? அக்கரை போறவரைக்கும் அதே ஒரு சாண்தான்டா."

ஏற்றிய மீன் வழியில் கனம் கூடுவதில்லை. எங்களுக்குத் தெரிந்த சரக்கு அது ஒன்றுதான்.

நடு ஏரியில் மழை பிடித்தது. இறைக்கக் குனிந்தால் படகில் தண்ணீரே இல்லை. நல்லதுதான் என்று நினைத்தோம். சூளைச் சூடு ஆறாத கல் மழைத்தண்ணீர் அத்தனையையும் குடித்துக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்த பலகை நாலு விரல் ஆனபோதுதான் புரிந்தது.

"ண்ணா, கொஞ்சம் கல்லக் கொட்டிடலாம்."

"இர்றா, கரை தெரியுது பாரு. கொறைச்சலா எறக்கினா அடுத்த நடை வேற எவனுக்கோ போயிடும்."

ஒரு அலைதான். படகு சாய்ந்தது, அடுக்கு முன்பக்கம் இருந்த அண்ணன்மேல் சரிந்தது. பின்பக்கம் கோல் ஊன்றிக்கொண்டிருந்த நான் தண்ணீரில் விழுந்தேன். எழுந்தால் காலில் சேறு தட்டியது, தண்ணீர் மார்பு வரைக்கும்தான். மூச்சைப் பிடித்து மூழ்கி மூழ்கிக் கல்லை எடுத்துப் போட்டேன். அவர் கை கிடைத்தபோது அது என் கையைப் பிடிக்கவில்லை.

அண்ணி அழவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"மாரளவு தண்ணிதானேப்பா? எழுந்து நின்னிருக்கலாம் இல்ல?"

"கால்மேல கல்லு அண்ணி" என்றேன்.

தலையை ஆட்டினார். மறுநாளும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன்.