தண்ணீர் எப்போதும் இடப்பக்கம்

மலையுச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடும் அந்தச் சைக்கிள் பாதையை யாராவது "சுலபமானது" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, குழந்தைகூட மிதித்துவிடும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் என் அக்கா அதைச் சுற்றியதை நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு அங்கே சைக்கிள் வாடகைக் கடை. அத்தான் பஞ்சர் ஒட்டுவார், பிரேக் பார்ப்பார். மிச்ச வேலையெல்லாம் அக்காவுடையது, கடைக்கான வாயும் சேர்த்து. அணைச் சுவர்மேல் பாதை ரொம்ப ஒடுக்கம். எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒருமுறை கைப்பிடி மாட்டிக்கொண்டு விழுந்தார்கள். அன்றைக்கே அக்கா பெயின்ட் வாங்கிவந்து ஒரு பலகை எழுதினாள்: 'தண்ணீர் எப்போதும் இடப்பக்கம்'. அதாவது, கடை வாசலில் வலப்பக்கம் திரும்பிக் கிளம்ப வேண்டும். முழுச் சுற்றும் முடித்து, பம்புக் கொட்டகை வளைவு வழியாகக் கடையின் மறுபக்கம் வந்து சேர வேண்டும்.

எதிர்த்திசையில் வந்தவர் யாரானாலும் அவள் விட்டதில்லை. புதுமணத் தம்பதியை இறங்கி உருட்டிக்கொண்டு போக வைத்தாள். அணைப் பொறியாளரையே ஒருநாள் வந்த வழியே திருப்பி அனுப்பினாள். "இதுக்கு நான் ஒரு போலீஸ்காரியவே கட்டியிருக்கலாம், யூனிஃபார்மாவது கிடைச்சிருக்கும்," என்று அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருக்கு அதில் பெருமைதான்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து, மறுபிழைப்புப் பிழைத்தார். இனி வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைக்க வேண்டும், சட்டைப்பையை விட்டு அது பிரியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் சும்மா உட்கார் என்றால் கேட்கிற ஆளா அவர். தினமும் காலையில் கடை திறந்ததும் ஒரு சுற்றுப் போய், பாதையில் கல்லோ கிளையோ கிடந்தால் ஒதுக்கிவிட்டு வருவார்.

அன்று விடுமுறை நாள். கூட்டம் வரும் என்று ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். கிளம்பி வெகுநேரமாகியும் அத்தான் திரும்பவில்லை. அக்கா முணுமுணுத்துக்கொண்டே காற்றடிக்கும் பம்பை எடுக்கப் போனாள். அதன்மேல் அவருடைய சட்டை கிடந்தது. கிரீஸ் ஒட்டும் என்று கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். சட்டைப்பையில் மாத்திரை அட்டை அப்படியே இருந்தது.

அக்காவுக்கு முகமே செத்துவிட்டது. "வண்டியை எடுடி," என்றாள்.

அங்கே ஃபோன் எடுக்காது. அவள் வாசலில் நின்று சைக்கிள் மணியை விடாமல் அடித்தாள். "என்னங்க, என்னங்க," என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பதிலில்லை. வலப்பக்கம் திரும்பி மிதித்தாள். நானும் அவள் பின்னாலேயே திரும்பினேன். அந்தப் பாதைக்கு இன்னொரு பக்கம் இருப்பது எங்கள் இருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

அன்றைக்கென்று தண்ணீர் அப்படி ஓர் அழகு. பனி விலகி, எதிர்க்கரை மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. எனக்கு அதைப் பார்க்கவே வயிறு எரிந்தது. அக்கா மாத்திரை அட்டையை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் காலூன்றித் தண்ணீரை எட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் ஏதோ சாக்குப்பை மிதக்க, "அவர் ஸ்வெட்டர்டி," என்று அலறி இறங்கிவிட்டாள். அது சாக்குதான் என்று அவளை நம்பவைத்து மறுபடி ஏற்றுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அணைச் சுவரில் காவலாளி நின்றிருந்தார். "அண்ணன் அப்பவே போயிட்டாரே. எனக்குக் கையெல்லாம் ஆட்டிட்டுத்தான் போனார்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியாடி இந்த மனுஷனை. இந்நேரம் கடைக்குப் போய், நம்மளக் காணோம்னு முழிச்சிட்டு நிப்பார். போய் வச்சுக்கறேன் கச்சேரி." சிரித்தபடியே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் மிதிப்பதைக் குறைக்கவில்லை.

பம்புக் கொட்டகை வளைவில், புதருக்குள்ளிருந்து ஒரு பின்சக்கரம் தெரிந்தது.

அத்தான் கொட்டகைச் சுவரில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் நீலம். வளைவைத் தாண்டினால் எங்கள் கடை. கத்தியிருந்தால் கேட்டிருக்கும், கத்தத்தான் அவருக்கு மூச்சில்லை. நாங்கள் இடப்பக்கம் திரும்பியிருந்தால் நடந்தே வந்திருக்கலாம்.

அக்கா மாத்திரையைப் பிரித்து அவர் நாக்கடியில் வைத்தாள். "வந்துட்டேங்க. ஒண்ணுமில்ல, நான் வந்துட்டேன்." ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி பிடிக்க நான் எழுந்தேன். அத்தான் கண்ணைத் திறந்தார்.

"நீ மணியடிச்சது கேட்டுச்சு," என்றார், விட்டுவிட்டு. "கூப்பிட முடியல. அந்தப் பக்கம் போற சத்தமும் கேட்டுச்சு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சுத்தித்தான் வருவேன்னு தெரியும். வர்ற வரைக்கும் கண்ணை மூடிடக் கூடாதுன்னு பாத்துட்டே இருந்தேன்."

வண்டி மலையை இறங்கி முடிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

கடையை அக்கா இப்போதும் நடத்துகிறாள். பலகையும் அங்கேதான் இருக்கிறது. அதைப் படிக்காத யாராவது, எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று அவளிடமே கேட்பார்கள். அக்கா சைக்கிள் சாவியை மட்டும் நீட்டுவாள்.