பரவாயில்லீங்க

எங்கள் கிணற்றுத் தண்ணீரை முதலில் வேண்டாமென்றது மாடுதான். தொட்டியில் மூக்கை வைத்து, புஸ்ஸென்று ஊதிவிட்டு, தப்பு என்னுடையது என்பதுபோல் என்னைப் பார்த்தது. கிணற்றுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் ஜவ்வரிசி ஆலை. அதன் கழிவுத் தண்ணீர் ஓடையில் வந்து தேங்கி, கிணற்றுக்குள் கசிகிறது. ஊறப்போட்டு மறந்துபோன பழைய சோற்றின் நாற்றம். அன்றிலிருந்து நாங்கள் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். மாட்டுக்கு யார் கேன் வாங்குவது?

ஆலையைத் திட்டலாம்தான். ஆனால் என் மரவள்ளியை வாங்குவதும் அதே ஆலைதான். கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற கிழங்கு லோடுகளும் அங்கேதான் போகின்றன. என் மனைவி அங்கேதான் கிழங்குக்குத் தோல் உரிக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் கேன் தண்ணீரே வருகிறது. எந்தப் பக்கத்திலிருந்து யோசிக்க ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி என் தலையிலேயே வந்து விடிகிறது.

போன வருஷம் ஆலையைப் பெரிதாக்கப் போவதாகச் சொல்லி, ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பந்தல் ஆலையின் செலவு. நாற்காலி, ஃபேன், முகப்பில் வாழைமரம், பன்னீர் தெளிக்க ஆள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைத் திறப்பு விழா என்றே நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் அதிகாரிக்குப் போர்த்தச் சால்வைகூட வாங்கி வந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் ‘மக்கள் நலனே எங்கள் நலன்’ என்று பேனர் தொங்கியது.

ஆலை மேலாளர் பேசினார். வேலை வரும், ரோடு வரும், ஊர் வளரும் என்றார். பொய்யென்று சொல்ல முடியாது. எதிர்த்துப் பேச வேண்டுமென்று வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போன எனக்கே கைதட்டத் தோன்றியது. எரிச்சலாகவும் இருந்தது, யார் மேலென்றுதான் தெரியவில்லை. ஆலை லாபத்துக்காக நடக்கிறது, அது தர்ம சத்திரம் இல்லை. சரி, ஊர் எதற்காக நடக்கிறது? அதை அந்தப் பந்தலில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். மைக்கோடு மேடையை விட்டு இறங்கி, பெண்கள் பக்கம் வந்து, என் மனைவியிடம் கேட்டார்.

“ஆலைக்குப் பக்கத்துலதானம்மா உங்க வீடு? கிணத்துத் தண்ணி எப்படி இருக்கு?”

அவள் எழுந்து, தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, “பரவாயில்லீங்க” என்றாள்.

“தண்ணீரில் பிரச்சினை இல்லை என்கிறார்” என்று மைக்கில் சொன்னார் அதிகாரி. கூட்டம் கைதட்டியது.

வீட்டு வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னா சொல்லிட்டு வந்துகிற? மாடே குடிக்கல, உனக்குப் பரவால்லியா?”

“பின்ன? அம்மாம் பெரிய மனுசன் தேடிக்கினு வந்து வெசாரிக்கிறாரு. நாறுதுன்னு மூஞ்சில அடிச்சாப்புல சொல்லுவாங்களா?”

“அதுக்குத்தானே அவரு கேட்டாரு!”

“ஜொரத்துல படுத்துக்கினு இருந்தீங்களே, எப்பிடிகீதுன்னு கேட்டவங்களுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?”

வந்தவர்களிடமெல்லாம் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருந்தேன். நன்றாக இருக்கிறது என்பதற்கும் அதே சொல், எப்படியோ தாங்கிக்கொள்கிறேன் என்பதற்கும் அதே சொல். அதிகாரியும் நம்மைப்போலத் தமிழ் பேசுகிறவர்தானே, அவருக்குத் தெரிந்திருக்காதா? தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சில நாள் கழித்து மேலாளர் காரில் எங்கள் வீட்டுக்கே வந்தார். நன்றி சொன்னார். அவளைத் தோல் உரிக்கிற இடத்திலிருந்து பேக்கிங் பக்கம் மாற்றுவதாகவும், ஃபேனுக்கடியில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம் என்றும் சொன்னார். அவரைத் திட்ட நினைத்திருந்த நான், நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டேன்.

வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டுமே. கேன் அடுப்படி வாசலிலேயே இருந்தது. என் மனைவி அதைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போனாள். வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. சொம்பு நிறையக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

மேலாளர் சொம்பைப் பார்த்தார். நாற்றம் நான் நின்ற இடம்வரை வந்தது. அவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

“பரவாயில்லைம்மா” என்றார்.

கார் போனதும், “வேணும்னுதான் கெணத்துத் தண்ணி குடுத்தியா?” என்று கேட்டேன்.

“வூட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கிறது ஒரு தப்பா?” என்றாள். முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சொம்புத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்.

மறுநாள் அவள் பேக்கிங் வேலைக்குப் போனாள். நான் கேன் வாங்கப் போனேன்.