கழற்றச் சொல்லாத தாயத்து

எக்ஸ்ரே அறைக்குள் யார் நுழைந்தாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை "கழட்டுங்க" என்பதுதான். சங்கிலி, ஊக்கு, சட்டைப்பையில் சாவி, இடுப்புக் கயிறு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. இருபத்தோரு வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, ஆஸ்பத்திரியில் அவளுக்குக் 'கழட்டக்கா' என்றே பேர் நிலைத்துவிட்டது. டாக்டரே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சங்கிலியைக் கழற்றுகிறவர்கள் தாயத்தை மட்டும் லேசில் கழற்ற மாட்டார்கள். கையால் பொத்திக்கொண்டு நிற்பார்கள்.

"அஞ்சு வேளையும் தொழுற பொண்ணு நீயே இதக் கழட்டச் சொல்லலாமா? உள்ள ஆயத்து இருக்கும்மா."

"தாயத்து இல்லாத ரெண்டு நிமிஷமும் அல்லாஹ் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பான். கழட்டுங்க."

மற்ற நகைகளெல்லாம் பீங்கான் தட்டில் கிடக்கும். தாயத்தை மட்டும் சுத்தமான துணி விரித்து அதன்மேல் வைப்பாள். அவளுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஓதி ஊதுவது வேறு, எழுதிக் கட்டித் தொங்கவிடுவது வேறு, இரண்டாவது மார்க்கத்தில் கூடாது என்பது அவள் கட்சி. இருந்தாலும் உள்ளே இருப்பது வேத வசனம். அதற்கு மரியாதை குறையக் கூடாது.

அந்த அறையில் அவள் கழற்றச் சொல்லாத கழுத்து ஒன்றே ஒன்றுதான். அது அவள் தம்பியுடையது.

ஏழு வயதில் அவனுக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வந்தது. காலையில் ஊசி போட்டார்கள், மத்தியானம் அம்மா எங்கேயோ ஓடிப்போய்த் தாயத்து வாங்கி வந்து கட்டினாள், சாயங்காலம் பிள்ளை பசிக்கிறது என்றான். காய்ச்சலை இறக்கியது ஊசியா தாயத்தா என்று அம்மாவுக்கும் மகளுக்கும் அன்றைக்குத் தொடங்கிய வாக்குவாதம் முப்பது வருஷம் ஓயவில்லை. கடைசியில் அம்மா படுக்கையில் கிடந்தபோது மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சவ. உன் வாய் எனக்குத் தெரியும். நான் போனப்புறம் அவன் கழுத்துல இருக்கறதக் கழட்டச் சொல்லாத. அல்லாஹ் மேல ஆணையிட்டுச் சொல்லு."

சொன்னாள். வேறு என்ன செய்ய முடியும்?

தம்பி லேத்துப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தான். வியர்வையில் பழைய தகரக் கூடு துருப்பிடித்ததும், பித்தளைத் துண்டு ஒன்றை லேத்தில் மாட்டி, கட்டைவிரல் பருமனுக்குப் புதுக்கூடு கடைந்துகொண்டான். மூடிக்கு மரை வெட்டி, பிடித்துத் திருக வரிகூடப் போட்டிருந்தான்.

"தாயத்தாடா இது? தண்ணிக் குழாய்க்கு மூடி மாதிரி இருக்கு" என்றாள்.

"சிரி, சிரி. நீ போட்டிருக்கியே தோடு, அது தேஞ்சு போகும். இது தேயாது."

போன வருஷம் அவன் இருமலோடு வந்தான். மூன்று வாரமாக விடாத இருமல். பட்டறைத் தூசியாகத்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். எக்ஸ்ரே பலகையில் மார்பைப் பதித்து நிறுத்தி, கைகளை இடுப்பில் வைக்கச் சொன்னாள். வாய் பழக்கத்தில் "கழ" என்று தொடங்கி அப்படியே நின்றது. மணிக்கட்டில் அம்மாவின் விரல்கள் இருப்பதுபோல் இருந்தது. பித்தளைக் கூட்டைத் தோளுக்கு மேலே தள்ளி, ஒட்டுத்துணியால் ஒட்டினாள்.

"மூச்ச இழு. பிடி. விடாத... சரி, விடு."

படத்தைப் பார்த்தாள். மூச்சை இழுத்தபோது ஒட்டுத்துணி விட்டுக்கொண்டு, கூடு வலப்பக்கக் காறையெலும்புக்குக் கீழே நழுவி வந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டை. வேறு யாராக இருந்தாலும் கழற்ற வைத்து மறுபடம் எடுத்திருப்பாள். விதி அதுதான். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன?"

"தாயத்து, டாக்டர்."

"சரி. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவளும் ஆமாம் என்றாள். தம்பி மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

எட்டு மாதம் கழித்துக் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலது நுரையீரலின் மேல்பக்கம் கட்டி, பக்கத்திலெல்லாம் பரவியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் அலமாரியைக் குடைந்து பழைய படத்தை எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினாள். வெள்ளைக் கட்டையின் ஓரத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு புகைமூட்டம் எட்டிப் பார்த்தது. தேடுகிறவர் கண்ணுக்குத்தான் அது தெரியும். மீதி அத்தனையும் பித்தளைக்குப் பின்னால்.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனபோது, தாயத்து அவன் கழுத்தில் இருந்தது.

"அங்க ஸ்கேன் எடுத்தப்போ இத என்ன பண்ணுன?"

"கழட்டுன்னான், கழட்டிக் குடுத்தேன். ரெண்டு நிமிஷந்தானேக்கா. இதுல என்ன இருக்கு?" அவன் சிரித்தான். "ஊரையெல்லாம் கழட்டச் சொல்ற, என்னைத்தான் நீ கேக்கவே இல்ல."

கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அவள் எழுந்தாள்.

அடுத்த வாரம் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஸ்ரத் முழங்கால் வலியோடு வந்தார். மேசையில் அவரைப் படுக்க வைத்துக்கொண்டே, "ஹஸ்ரத், தாயத்துக் கட்டலாமா?" என்று கேட்டாள்.

"முட்டிய மடக்கவா நீட்டவா, அத மொதல்ல சொல்லும்மா."

"நீட்டுங்க."

"ஓதி ஊதுறதுல பிரச்சின இல்ல, ஓதுறது நல்ல வார்த்தையா இருந்தா சரி. குர்ஆன் வசனத்த எழுதிக் கட்டுறத ஆகும்னு சொன்ன பெரியவங்களும் உண்டு, ஆகாதுன்னு சொன்னவங்களும் உண்டு. நான் ஆகாதுங்கிற பக்கம். அந்தக் கூடே காப்பாத்தும்னு நம்பிட்டா, அதுதான் அல்லாஹ்வுக்கு இணை வெக்கிறது. அதுல ரெண்டு பேச்சு கிடையாது."

"ஆகாதுன்னு தெரிஞ்சே, ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு விட்டுட்டா? அதனால ஒரு கெடுதல் வந்துட்டா?"

"என்ன கெடுதல்?"

"வேலைல ஒரு தப்பு."

ஹஸ்ரத் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "உன் வேலைய நீ சரியா செஞ்சியாங்கறது தாயத்துச் சட்டத்துல வராதும்மா. அது வேற கேள்வி. பாவமன்னிப்புக் கேளு. சம்பந்தப்பட்டவங்க உயிரோட இருந்தா அவங்ககிட்டயும் கேளு."

தம்பியிடம் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். பழைய படத்தை மேசை இழுப்பறையில் எடுத்து வைத்துக்கொண்டாள். சொல்லப் போன ஒவ்வொரு முறையும் அவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான், அல்லது தூங்கிக்கொண்டிருந்தான், அல்லது பக்கத்தில் மனைவி இருந்தாள். மூன்று மாதம் போய்விட்டது.

மருந்து பிடிக்கவில்லை என்று ஆனபின், நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா பார்க்க அவளிடமே அனுப்பினார்கள். நிற்க முடியாமல் சக்கர நாற்காலியில் வந்தான். அறையில் அவர்கள் இருவர் மட்டும்.

"கழட்டு" என்றாள்.

"அட, என்னையும் சேத்துக்கிட்டியா?" என்று தலையைக் குனிந்து கொடுத்தான்.

துணி விரிக்க மறந்து, கூட்டைக் கைக்குள்ளேயே பொத்திக்கொண்டு தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள். பித்தளை இன்னும் சூடாக இருந்தது. மூச்சைப் பிடி என்றாள். அவனால் பிடிக்க முடியவில்லை. வந்த படத்தில் வலப்பக்கம் முழுக்க வெள்ளை. அந்தக் கூடு இனி எங்கே தொங்கினாலும் அதனால் மறைக்க எதுவும் மிச்சமில்லை.

"எப்பிடிக்கா இருக்கு?"

"டாக்டர் பாத்துச் சொல்லுவாரு."

"சரி விடு." அவன் அவள் கையைப் பார்த்தான். "அது மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்க்கா. அம்மா கட்டுனதாச்சே."

அவள் இழுப்பறையைப் பாதி திறந்திருந்தாள். பழைய படம் இருந்த உறையின் முனை தெரிந்தது. இடுப்பால் அதைத் தள்ளி மூடினாள்.

"கட்டி விடு. என்னால கையத் தூக்க முடியல."

பின்னால் போய் நின்றாள். அவன் பிடரியில் முடி கொட்டிப் போயிருந்தது. கயிற்றைச் சுற்றி முதல் முடிச்சைப் போட்டாள்.

"இறுக்கமாக் கட்டுக்கா. கொஞ்சம் மூச்சிழுத்தாலே நழுவி முன்னால வந்துடுது."

"தெரியும்" என்று சொல்லி இரண்டாவது முடிச்சைப் போட்டாள்.