இரண்டு பேட்டரிகள்

மகள் டிவி ரிமோட்டைக் கவிழ்த்துத் தட்டி, இரண்டு பேட்டரிகளையும் ஒன்றாக வெளியே கொட்டினாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

என் அப்பா நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. வடலூரில் வாங்கிய டிஜிட்டல் டைரி ஒன்று வைத்திருந்தார். மற்றவர்கள் அதில் போன் நம்பர்தான் வைத்துக்கொண்டார்கள். அப்பாவோ கரி அப்பிய விரலால் தினமும் ஒரு வரி ஏற்றுவார்: தேதி, ஷிஃப்ட், வேலை வாங்கிய சூப்பர்வைசரின் பெயர். ஏழு வருஷம் அப்படி ஏற்றினார். கான்ட்ராக்டரின் பதிவேட்டில் அவர் பெயரே கிடையாது. வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி கோர்ட்டில் கேஸ் போட்டிருந்தார்.

"பர்மனென்ட் கேஸுக்கு இதாம்மா நம்ம சாட்சி" என்று என்னிடம் சொல்வார்.

கேஸ் விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது திரை மங்கியது. டைரியை வீட்டில் வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அவர் வந்ததும் சந்தோஷப்படட்டும் என்று புது பேட்டரிகள் வாங்கிவந்து, பழைய இரண்டையும் ஒன்றாகக் கழற்றினேன். ஒன்றை மாற்றிய பிறகே மற்றதைத் தொட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. திரை பளிச்சென்று வந்தது. உள்ளே ஒரு வரிகூட இல்லை.

பயத்தில் பழைய பேட்டரிகளையே திரும்பப் போட்டு வைத்தேன்.

அப்பா வந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல. எல்லாம் பூடுச்சி" என்றார்.

கடைசிவரை கான்ட்ராக்டாகவே இருந்தார். இருமலோடு படுக்கையில் கிடந்தபோதும், "எதத்தான் அமுக்கினேனோ" என்று புலம்பினார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுப்பா, தெரியாமத்தான அமுக்குன" என்றேன்.