கறிக்கடைக்காரி ஆகாயத்தில் செய்த கொலைகள்

எங்கள் தெருமுனைக் கறிக்கடைக்காரி இதுவரை கொன்றவர்களின் தொகையைச் சொன்னால், நீங்கள் பக்கத்து ஊர்ப் போலீஸையும் சேர்த்துக் கூப்பிடுவீர்கள். ஆடுகளைச் சொல்லவில்லை, மனிதர்களைச் சொல்கிறேன். காலையில் கடையில் ஆடு. மத்தியானம் ஷட்டரை இறக்கி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மாடி அறைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாளானால் மனிதர்கள். சாயங்காலம் ஷட்டர் மறுபடி ஏறும்போது அவள் முகத்துச் சாந்தத்தைப் பார்த்தால் கோயில் சிலை தோற்றுப்போகும்.

அது ஒரு விண்வெளி விளையாட்டு. உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருந்து ஆட்கள் இன்டர்நெட் வழியாக வந்து, ஆளுக்கொரு கப்பலில் பறக்கிறார்கள். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வாசல்கள் உண்டு. உள்வட்டத்தில் காவல் இருக்கிறது. வெளிவட்டத்தில் கேட்க நாதி கிடையாது. யாரும் யாரையும் நொறுக்கலாம். நொறுங்கிய கப்பல் நொறுங்கியதுதான், பாறை உடைத்துப் பாடுபட்டுத்தான் இன்னொன்று வாங்க வேண்டும். கப்பல் உடைந்தால் ஆள் முட்டை மாதிரி ஒரு கூண்டில் வெளியே வந்து விழுவான். அந்தக் கூண்டையும் உடைத்தால் பிணம் விறைத்துப்போய் வெட்டவெளியில் மிதக்கும். செத்தவன் வேறெங்கோ புது உடம்பில் எழுந்துகொள்வான். பழைய உடம்பு மட்டும் அங்கேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம்.

வினை அந்தப் பிணத்தில்தான் வந்தது.

ஆரம்பத்தில் இவள் யார் வம்புக்கும் போகாமல் வெளிவட்டத்து ஓரத்தில் பாறை உடைத்துக்கொண்டிருந்தாள். 'சாம்பல்' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்ட ஒருவன் ஒருநாள் இருட்டிலிருந்து பாய்ந்தான். கப்பலைக் கிழித்தான், கூண்டைப் பிளந்தான், பிணத்தை அள்ளிக்கொண்டு போனான். மறுவாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. ஏழாவது தடவை செத்த கோபத்தில் இவள் அவனுக்கு எழுதிப்போட்டாள்: "நான் தினம் ஆடு உரிக்கிறவ. கையில கெடச்சா உன்னையும் உரிச்சு கொக்கியில தொங்க விடுவேன்."

தொழிலை எதிரியிடம் சொல்லலாமா? நுணலும் தன் வாயால் கெடும். இரண்டு நாள் கழித்து விளையாட்டுச் சந்தையில் அவன் கடை விரித்திருந்தான். வரிசையாக இவளுடைய பிணங்கள். மேலே ஒரு விளம்பரம்: "இளங்கறி. இன்று கடைக்காரியே சரக்கு."

"என்னங்க, இங்க வந்து பாருங்க! என் பொணத்தை வச்சு வியாபாரம் பண்றான்!"

புருஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிதானமாகப் பார்த்தார். கடையில் அவள் வெட்டுகிறவள், அவர் ஆட்டைப் பிடிக்கிறவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் இப்படித்தான்: "அஞ்சுதானே இருக்கு? நீ ஏழு தடவை செத்தேன்னு சொன்னே?"

"ரெண்டு வித்துப்போச்சு."

"பரவாயில்லையே. நம்ம கடையில இவ்ளோ சீக்கிரம் போகாது."

அன்றைக்கு அவர் உயிர் தப்பியது, எலும்பு வெட்டும் கத்தி கீழே கடையில் இருந்ததால்தான்.

சாம்பலை உடைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் நெஞ்சில். ஆனால் அவன் கூட்டத்தோடு திரிகிறவன். தனியாகப் போனால் விளக்கில் விழுந்த பூச்சி. அவனை வேட்டையாடுகிற ஒரே கூட்டம் 'வெறிநாய்கள்'. அதில் சேர மூன்று வேட்டைப் பரீட்சை. மூன்றாவது முடிந்ததும் தலைவர் 'வாங்க' என்றால் உள்ளே, 'வேண்டாம்' என்றால் ஏழு ஜென்மத்துக்கும் வெளியே. திரும்பக் கேட்கக் கூடாது.

தலைவர் நிஜத்தில் ஏதோ ஒரு ஊரில் பல் டாக்டர். முகம் யாருக்கும் தெரியாது, குரல்தான்.

"உங்களுக்கு என்ன தெரியும்மா?"

"வெட்டத் தெரியும்."

"அது இங்க எல்லாருக்கும் தெரியும். வாயை மூடத் தெரியுமா?"

காலமெல்லாம் ஊராரை 'வாயைத் திற' என்று சொல்லிப் பிழைக்கிற மனிதர், இங்கே வந்தால் வாயைத் திறந்தவனைத் தொலைத்துவிடுவார். சண்டை நேரத்தில் மைக்கில் மூன்றே விஷயம்தான் வரலாம்: யார், எங்கே, எத்தனை பேர். இழந்தால் உட்கார்ந்து அழ வேண்டிய விலையுள்ள கப்பலில் சண்டைக்கு வரக் கூடாது. ரேடாரை மூச்சு விடுகிற மாதிரி விடாமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று.

"பத்து பேர் பத்து பேரை அடிச்சா ஒருத்தனும் சாக மாட்டான். பத்து பேரும் ஒருத்தனை அடிங்க, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள செத்துருவான். அந்த ஒருத்தன் யாருன்னு நான் சொல்வேன். 'மாத்து'ன்னா மாத்தணும்."

"சரிங்க டாக்டர்."

"முதல்ல எப்பவும் எதிரியோட வைத்தியக் கப்பலைக் கொல்லணும். அது உயிரோட இருந்தா நாம உடைக்க உடைக்க ஒட்ட வச்சுக்கிட்டே இருக்கும்."

வைத்தியரைக் கொல்லச் சொல்கிற வைத்தியரை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

முதல் வேட்டை ஒரு சிவப்பு நட்சத்திரத்தின் ஓரம். அடித்தார்கள், பிளந்தார்கள், தீயும் தகடும் கூண்டுமாகச் சிதறியது. எதிராளி ஒருவனின் கப்பல் நடுமுதுகில் ஒடிந்து, உள்ளே இருந்ததெல்லாம் குடல் சரிகிற மாதிரி வெளியே சரிந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் இவள் மைக்கில் போட்ட கூச்சல் இருக்கிறதே, மூன்று தெரு தள்ளி நாய்கள் ஊளையிட்டன என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். ஆனால் டாக்டர் போட்ட கட்டளை ஒன்று அந்தக் கூச்சலில் அமுங்கி, இரண்டு பேர் தப்பிப் போனது சத்தியம்.

"அக்கா, காது போச்சு," என்றார் லாரிக்காரர். கூட்டத்துக்கு உளவு பார்க்கிறவர் அவர்தான். வாசல் வாசலாக முன்னே போய் யார் இருக்கிறார்கள் என்று சொல்வார். "எனக்கு ரோட்டுல ஹாரன் கேட்கணும்க்கா, தயவு பண்ணுங்க."

மறுநாளிலிருந்து வாயில் துணியைக் கவ்விக்கொண்டு விளையாடினாள். நிஜமாகவே துணி.

இரண்டாவது வேட்டையில் வாய் அடங்கியது, கை அடங்கவில்லை. கசாப்புத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கத்தி பட்ட உயிரைப் பாதியில் விட்டு நகரக் கூடாது. முடித்துவிட்டுத்தான் நிமிர வேண்டும், இல்லாவிட்டால் பாவம். டாக்டர் காட்டிய கப்பலை இவள் முக்கால் பங்கு கிழித்திருந்தாள். அது புகை கக்கிக்கொண்டு இழுத்து இழுத்துத் தவழ்ந்தது. அந்த நேரம் பார்த்து எதிரியின் வைத்தியக் கப்பல் வாசல் வழியாக வந்து குதித்தது.

"மாத்து! வைத்தியன்! எல்லாரும் வைத்தியன்!"

எல்லாரும் மாற்றினார்கள். இவள் கை மட்டும் மாறவில்லை. துடிக்கிறதை அப்படியே விட்டுவிட்டு எப்படி? முடித்தாள். அதற்குள் ஒரு துப்பாக்கி குறைந்ததால் வைத்தியன் பிழைத்தான். அவன் பிழைத்ததால் அவன் ஆட்கள் எல்லாரும் புதுசாக எழுந்து நின்றார்கள். பிறகு நடந்தது வேட்டை இல்லை, அறுப்பு. லாரிக்காரர் ஆறு மாதம் பாறை உடைத்து வாங்கிய கப்பல் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியும் தனித்தனியாக எரிந்தது. கூண்டோடு அவரையும் பொடியாக்கினார்கள்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "இன்னும் ஒரு வேட்டைம்மா. இந்த மாதிரி திரும்ப நடந்துச்சுன்னா, உங்களுக்கு இங்க இடமில்லை," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை கடையில் அவள் முகம் தொங்கிக் கிடந்தது. ஆட்டின் காலைப் பிடித்திருந்த புருஷன் கேட்டார்: "அவர் மாத்துன்னாரு, நீ ஏன் மாத்தல?"

"பாதியில விட்டா துடிக்குமேங்க."

"அங்க எது துடிக்குது? அது கம்ப்யூட்டர்."

"கைக்குத் தெரியுமா அது?"

அவர் ஆட்டின் காலை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

மூன்றாவது வேட்டைக்கு டாக்டர் அவளுக்குத் துப்பாக்கிக் கப்பல் தரவில்லை. சின்னக் கொக்கிக் கப்பல் ஒன்று கொடுத்தார். வேகமாகப் போகும், ஒரே அடியில் சாகும். வேலை ஒன்றே: எதிரியின் பக்கத்தில் பாய்ந்து கொக்கி போட்டு, அவன் எஞ்சினை அமுக்கி, ஓட விடாமல் வைத்திருப்பது. மற்றவர்கள் வந்து கொல்வார்கள். கொக்கிக்காரர் பெரும்பாலும் அதைப் பார்ப்பதற்குள் செத்துப்போவார்.

லாரிக்காரரின் குரல் வந்தது: "சாம்பல். மூணாவது வாசல். தனியா."

அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை சூடேறியது. துணியைக் கடித்தாள். பாய்ந்தாள். அவன் திரும்பிச் சுட்டான். ஒரு பக்கத் தகடு மொத்தமாகப் பிய்ந்து போனது. வளைந்து வளைந்து அவன் வயிற்றுக்கடியில் புகுந்து ஒட்டிக்கொண்டாள்.

"கொக்கி போட்டாச்சு. சாம்பல்."

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. வெறிநாய்கள் வாசல் வழியாகக் கொட்டினார்கள். பத்துத் துப்பாக்கியின் அடியும் ஒரே இடத்தில் விழுந்தது. சாம்பலின் கவசம் உரிந்தது, தோல் உரிந்தது, விலா எலும்பு மாதிரி உள்சட்டங்கள் தெரிந்தன. தீ உள்ளிருந்து எரிந்தது. இன்னும் இரண்டு அடி, மூன்று அடி. அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவள் அந்தக் கணம் வரை யோசித்ததில்லை, அப்போது யோசித்தாள்.

"வாசல்ல ஆளுங்க," லாரிக்காரர் மூச்சு வாங்கினார். "நாப்பது பேர். அவன் கூட்டம். இது பொறி டாக்டர்!"

"எல்லாரும் வெளியேறுங்க. கறிக்கடை, சாம்பலை விடுங்க. முதல்ல வர்ற துரத்தல் கப்பலைப் பிடிங்க. இல்லைன்னா லாரிக்காரர் போயிடுவார்."

இன்னும் இரண்டே அடி. அவள் பிடியிலேயே அவன் எரிந்துகொண்டிருந்தான். பிடியை விட்டால் தவழ்ந்து தப்பிப்பான். சந்தையில் அவளுடைய ஐந்து பிணமும் அப்படியே தொங்கும்.

துணி பல்லுக்கிடையில் கிழிந்தது. கொக்கியை எடுத்தாள்.

சாம்பல் புகையோடு நழுவிப் போனான். அவள் திரும்பி, லாரிக்காரரின் முதுகில் பாய்ந்துகொண்டிருந்த துரத்தல் கப்பலில் கொக்கியை மாட்டினாள். அது நின்றது. பின்னால் வந்த நாற்பது பேரும் அவள்மேல் சுட்டார்கள். கப்பல் போனது, கூண்டு போனது. திரை வெள்ளையானது. அதற்குள் லாரிக்காரர் வாசலைத் தாண்டிவிட்டார்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவள் மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்து, ஏதோ அடுத்தவர் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் கீழிருந்து வந்தார்.

"செத்துட்டியா?"

"செத்தேன். அது பெருசில்லை. பாதியில விட்டுட்டு வந்தேங்க. எரியறவனை அப்படியே விட்டுட்டு வந்தேன்."

அவர் ஒரு படி கீழே உட்கார்ந்து அவளுடைய வலது கையை எடுத்துப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்தது. இருபது வருஷத்தில் அந்தக் கை நடுங்கி அவர் பார்த்ததில்லை. ஆட்டின் காலைப் பிடிக்கிற அதே பிடியில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்," என்றார். எத்தனை ஆட்டைப் பிடித்துப் பழகிய மனுஷன், அவருக்குத் தெரியாதா?

மாடியில் ஹெட்போனிலிருந்து டாக்டரின் குரல் கொசு மாதிரி ரீங்கரித்தது. அவள் எழுந்து போய் மாட்டிக்கொண்டாள்.

"கறிக்கடை இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வாங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எங்க டாக்டர்?"

"உள்ளேம்மா, உள்ளே! நீங்க இனிமே எங்க ஆளு."

லாரிக்காரர் குறுக்கே வந்தார். "அக்கா, கொக்கிக் கப்பல் நான் தர்றேன், காசெல்லாம் வேண்டாம். சாம்பல் ரெண்டு வாசல் தள்ளி ரிப்பேருக்கு நிக்கிறான். பாதி உசுரோட. காவல் குறைச்சல்."

 டாக்டர் கட்டளைக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். கேட்கவில்லை, கெஞ்சவில்லை.

"போகலாம்," என்றார் டாக்டர்.

அன்றைக்கு சாயங்காலம் கறிக்கடை ஷட்டர் ஒரு மணி நேரம் தாமதமாக ஏறியது. வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் ஏனென்று கேட்டார்கள். "ஒரு வேலை பாக்கி இருந்துச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தாள்.