எண்பதைத் தாண்டிய சூடு

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவரின் சட்டை எப்போதும் வியர்வையில் ஒட்டியிருக்கும். கடையின் ஒரே டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டர்கள் பக்கம் திருப்பியிருப்பார். கம்ப்யூட்டரின் சூட்டைத் திரையோரத்தில் காட்டி, உள்ளிருக்கும் ஃபேனின் வேகத்தைக் கூட்டும் சாப்ட்வேரும் போட்டிருந்தார்.

"வேகத்தக் கூட்டினா சிமெண்டு லாரி தூசியையும் சேத்து இழுக்குது சார். கூட்டலைன்னா கொதிக்குது," என்பார்.

அன்று ஒரு பெண், துபாயிலிருந்த கணவனுக்கு வெப்கேமில் கைக்குழந்தையை முதன்முதலாகக் காட்டிக்கொண்டிருந்தாள். திரையோரத்தில் சூடு எண்பது டிகிரியைத் தாண்டியது. அவர் எட்டி மவுஸைப் பிடித்து முழு வேகம் வைத்தார். அப்படியும் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடியே அவள் கேட்டாள். "அண்ணே, எனக்குத்தான் தெரியல. அவருக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுதும்மா," என்றார்.

அவள் கையை இறக்கவில்லை. அவர் டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.